ஸ்ட்ராட், டெலி, பி-90: ஒற்றைச் சுருள் சண்டை

வாசகர் கேள்வி:

"அண்ணா, ரெண்டு வருசமா அக்கூஸ்டிக் வாசிக்கிறேன். இப்ப எலெக்ட்ரிக் வாங்கலாம்னு இருக்கேன். கையில இருக்குற காசுக்கு ஸ்ட்ராட் மாதிரி ஒண்ணு வரும், இல்லன்னா டெலி மாதிரி ஒண்ணு வரும். ரெண்டுமே சிங்கிள் காயில் பிக்கப்தானே, சத்தத்துல என்ன பெரிய வித்தியாசம்னு ஃப்ரெண்டு கேக்குறான். நெஜமாவே வித்தியாசம் இல்லையா?"

3 பிப்ரவரி, இரவு

இருக்கிறது. நிறையவே இருக்கிறது. உங்கள் நண்பருக்குக் காது குத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்), டெலி (டெலிகாஸ்டர்) இரண்டும் ஃபெண்டர் கம்பெனியின் கிட்டார்கள். இரண்டிலும் பிக்கப், அதாவது தந்திக்கு அடியில் இருந்து சத்தத்தைப் பிடிக்கும் பகுதி, காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றிய சமாச்சாரம்தான். மேலே தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் ஆடும், சுருளில் மின்சாரம் பிறக்கும். அதுவரை ஒன்று. ஆனால் டெலியின் பிரிட்ஜ் பிக்கப்புக்கு (தந்திகள் முடியும் பிரிட்ஜ் பக்கம் இருப்பது; கழுத்துப் பக்கம் இருப்பது நெக் பிக்கப்) அடியில் செம்பு பூசிய இரும்புத் தகடு ஒட்டியிருக்கும். பிக்கப் தொங்குவதும் ஒரு இரும்புத் தட்டில்தான். ஸ்ட்ராட்டில் மூன்று பிக்கப்பும் கிட்டாரின் முகப்பில் இருக்கும் பிளாஸ்டிக் பிக்கார்டில் தொங்குகின்றன, அடியில் தகடு கிடையாது. டெலி பிரிட்ஜில் ஒரு தந்தியைச் சுண்டினால் எவர்சில்வர் டம்ளரை நகத்தால் தட்டிய மாதிரி முன்னால் வந்து நிற்கும். ஸ்ட்ராட் பிரிட்ஜ் அதைவிட மெலிசு, கொஞ்சம் கீச்சு.

என்னிடம் ஸ்ட்ராட் 19 வருடமாக இருக்கிறது, டெலி 7 வருடமாக. கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டாலும் எது எது என்று பத்துக்குப் பத்து சொல்வேன்.

3 பிப்ரவரி, அதற்கப்புறம்

பி-90ஐ விட்டுவிட்டேன். கிப்சன் கம்பெனியின் பிக்கப், அதுவும் சிங்கிள் காயில்தான். ஸ்ட்ராட்டின் சுருள் டம்ளர் என்றால் பி-90 டபரா. உயரம் கம்மி, அகலம் அதிகம். குடிக்கப்போவது ஒரே காபிதான், ஆனால் டபராவில் ஊற்றிக் குடித்தால் வேறு மாதிரி இருக்கும்.

5 பிப்ரவரி

பி-90 சிங்கிள் காயில் இல்லை, அது "பாதி ஹம்பக்கர்" என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். சார், ஹம்பக்கர் என்றால் இரண்டு சுருள், பாதி என்றாலே ஒரு சுருள்தானே?

கிப்சன் பி-90ஐக் கொண்டுவந்தது 1946இல். அதே கிப்சனில் சேத் லவர் இரண்டு சுருளை எதிரெதிராகச் சேர்த்து இரைச்சலைக் கொல்லும் வழியைக் கண்டுபிடித்து, காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 1955இல். கிட்டார்களில் அந்த ஹம்பக்கர் ஏறியது 1957இல். அதாவது 1952இல் வந்த கிப்சனின் முதல் லெஸ் பால் கிட்டாரில் இருந்ததும் பி-90தான். இன்றைக்கு லெஸ் பால் என்றால் ஹம்பக்கர் என்று நினைப்பவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கலாம்.

வித்தியாசம் காந்தம் வைத்திருக்கும் விதத்தில். ஃபெண்டர் பிக்கப்பில் நம் கண்ணுக்குத் தெரியும் ஆறு உருளைகளுமே காந்தம். பி-90இல் தெரிபவை வெறும் இரும்புத் திருகுகள். காந்தம் இரண்டு பட்டைகளாக அடியில் படுத்திருக்கிறது. கம்பிச் சுற்றும் அதிகம், பத்தாயிரம் அளவில். ஸ்ட்ராட்டில் எட்டாயிரம் அளவில். அதனால் பி-90 நடுவில் சதைப்பிடிப்பாக இருக்கும், ஆம்ப்பை (ஆம்ப்ளிஃபயரை) சீக்கிரம் உறும வைக்கும். இரைச்சலும் அதற்கேற்ப அதிகம். என்னிடம் இப்போது இருப்பது இரவல் பி-90. நண்பர் ஊருக்குப் போயிருக்கிறார், அவர் திரும்பும்வரை என் ராஜ்ஜியம்.

8 பிப்ரவரி

ஸ்ட்ராட் வைத்திருக்கும் எல்லாரும் கேட்கும் கேள்வி: "மூணாவது தந்தி மட்டும் ஏன் இப்படிக் கத்துது?"

பழைய மாதிரி பிக்கப்பில் ஆறு காந்தங்களும் ஒரே உயரத்தில் இருக்காது. மூன்றாவது, நான்காவது தந்திகளுக்கு அடியில் இருப்பவை எட்டிப்பார்க்கும். 1954இல் ஸ்ட்ராட் வந்தபோது பெரும்பாலானவர்கள் போட்டிருந்த மூன்றாவது தந்தி மேலே உலோகம் சுற்றிய தடித்த தந்தி. அதன் உள்ளிருக்கும் இரும்பு சன்னம், சத்தம் கம்மி, அதனால் காந்தத்தை உயர்த்தி வைத்தார்கள். இன்று நாம் போடுவது சுற்று இல்லாத வெறும் இரும்பு. அது கத்தத்தான் செய்யும்.

வழி எளிது. பிக்கப்பைக் கழற்றி, மூன்றாவது காந்தத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒரு மில்லிமீட்டர் இறக்கிவிடுங்கள். வேலை முடிந்தது.

(11 மார்ச் குறிப்பைப் படிக்காமல் இதைச் செய்யாதீர்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.)

9 பிப்ரவரி

ஃபெண்டர் கம்பெனியை ஆரம்பித்தவருக்கே கிட்டார் வாசிக்கத் தெரியாதாமே என்று ஒருவர். ஆமாம், லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அதில் என்ன குறை? நம் ஊரில் தவில் செய்கிறவர்கள் எல்லாரும் கச்சேரியா செய்கிறார்கள்?

14 பிப்ரவரி

பத்துக்குப் பத்து என்று எழுதியதை மச்சான் படித்துவிட்டார். மனைவியின் தம்பி, இன்ஜினியரிங் முடித்த கையோடு எல்லாவற்றையும் சந்தேகப்படும் வயது. சனிக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் "வாங்க மாமா, பார்த்துடலாம்" என்று என்னைச் சுவரைப் பார்க்க உட்காரவைத்து, பின்னால் இருந்து அவரே வாசித்தார். அவருக்குக் கிட்டாரில் தெரிந்தது மூன்று கார்டு (சேர்த்து மீட்டும் சுரங்கள்). மூன்றும் போதும்.

முதல் சுற்று, பிரிட்ஜ் பிக்கப், பத்துக்குப் பத்து. இரண்டாவது சுற்று, நெக் பிக்கப், அதிலும் பத்து. எனக்குத் தலைகால் புரியவில்லை. மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. "மாமா, ஒண்ணு சத்தமா இருக்கு, ஒண்ணு கம்மியா இருக்கு. எனக்கே தெரியுதே" என்றார்.

வால்யூமை ஓரளவு சமமாக்கிவிட்டு மறுபடி. பிரிட்ஜில் 9. நெக்கில் 5.

ஐந்து என்பது காசைச் சுண்டிப் பார்த்தாலே வரும். 19 வருடம்!

15 பிப்ரவரி

தூக்கம் வரவில்லை. ஏன் ஸ்ட்ராட் நெக் அவ்வளவு சத்தமாக இருந்தது என்று எழுந்து பார்த்தேன். லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பரின் வெர்னியர் வீட்டில் கிடந்தது. கடைசி ஃப்ரெட்டில் (கழுத்தில் பதித்த உலோகக் கோடு) தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தந்தியின் அடிப்பக்கத்துக்கும் காந்தத்தின் தலைக்கும் நடுவில் அளந்தேன். ஆறாவது தந்தியில் 1.2 மி.மீ. பழைய மாதிரி பிக்கப்புக்கு ஃபெண்டர் சொல்லும் ஆரம்ப அளவு தடித்த பக்கம் 2.4, மெல்லிய பக்கம் 2.0. நான் பாதியில் வைத்திருந்திருக்கிறேன்.

இத்தனை வருடமாக ஆறாவது தந்தியில் 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே போனால் ஒரே சுரம் இரண்டாகக் கேட்கும், ட்யூனர் தவிக்கும். "பழைய கிட்டார், அதுக்குன்னு ஒரு குணம் இருக்கும்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். குணமும் இல்லை, ஒன்றும் இல்லை. காந்தம் கிட்டே இருந்து தந்தியைப் பிடித்து இழுத்திருக்கிறது. இரண்டு திருகு, நான்கு சுற்று, போயே போச்சு.

டெலி நெக் பக்கம் 3 மி.மீ. தாண்டிக் கீழே கிடந்தது. அதுவும் நான் செய்ததுதான், எப்போது என்று ஞாபகம் இல்லை.

17 பிப்ரவரி

இன்னொரு திருத்தம். நெக் சோதனையின்போது ஸ்ட்ராட்டின் டோன் குமிழ் (கீச்சைக் குறைப்பது) 6இல் இருந்திருக்கிறது. நான் எப்போதும் அங்கேதான் வைப்பேன், கை தானாகப் போகும். டெலியின் நெக் பிக்கப்புக்கு உலோக மூடி உண்டு, அதில் சுற்றும் கம்பியும் இன்னும் சன்னம், அதனால் இயல்பாகவே கொஞ்சம் மந்தம். நான் ஸ்ட்ராட்டையும் மந்தமாக்கிவிட்டு வித்தியாசம் இல்லை என்று ஒப்பாரி வைத்திருக்கிறேன். டோனை 10க்கு ஏற்றிவிட்டு மறுபடி செய்தோம்: 8.

மச்சான் ஐம்பது முறை செய்தால்தான் கணக்கு என்கிறார். அவருக்கு வேலை கிடைக்கட்டும்.

1 மார்ச்

கோயில் திருவிழாக் கச்சேரி, நேற்று. எங்கள் மெல்லிசைக் குழுவில் லீட் கிட்டார் நான். மேடையைச் சுற்றி சீரியல் செட், பின்னால் ஓடி ஓடி எரியும் பலகை, பக்கத்தில் ஜெனரேட்டர். ஆம்ப்பை ஆன் செய்ததும் கிட்டார் சத்தத்துக்கு முன்னாலேயே ஒரு வண்டுக் கூட்டம் வந்து உட்கார்ந்தது. டெலியோடு போயிருந்தேன், மாற்றுக் கிட்டார் இல்லை.

ஒரு சுருள் என்றால் அது ஆண்டெனாவும்தான். ஆனால் ஆண்டெனாவுக்குத் திசை உண்டு. மேடையில் நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்பிப் பாருங்கள், ஒரு கோணத்தில் இரைச்சல் பாதியாகும். நேற்று அந்தக் கோணம் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, அம்மன் சன்னதியைப் பார்த்து நிற்பது. மூன்று மணி நேரம் அப்படியே வாசித்தேன். கீபோர்டுக்காரர் இடைவேளையில் "என்னங்ணா, வேண்டுதலா?" என்றார்.

இரண்டு வால்யூம் குமிழையும் 10இல் வைத்து ஸ்விட்சை நடுவில் (இரண்டு பிக்கப்பும் சேர்ந்து) வைத்து வாசித்திருந்தால் பெருமளவு அடங்கியிருக்கும் என்று யாராவது சொல்வதற்கு முன்னால்: முதலில், டெலிக்கு வால்யூம் ஒன்றுதான். அடுத்தது, என் டெலியின் இரண்டு பிக்கப்பும் ஒரே பக்கமாகச் சுற்றியவை. ஒன்று தலைகீழாகச் சுற்றி, காந்தமும் தலைகீழாக இருந்தால்தான் இரைச்சல் ஒன்றை ஒன்று தின்னும், இசை தப்பிக்கும். இப்போது வரும் பல ஸ்ட்ராட்டுகளில் நடு பிக்கப் அப்படி இருப்பதால் ஸ்விட்சின் 2, 4 இடங்களில் (நடு பிக்கப்பும் பக்கத்துப் பிக்கப் ஒன்றும் சேரும் நிலைகள்) அமைதி. பழையவற்றில் கிடையாது.

அந்த 2, 4 இடங்களே ஃபெண்டர் கொடுத்தவை இல்லை. 1954இல் வைத்தது மூன்று நிலை ஸ்விட்ச். வாசித்தவர்கள் அதை இரண்டு நிலைகளுக்கு நடுவில் இடுக்கி நிறுத்தி அந்த வாத்துக்குரலைக் கண்டுபிடித்தார்கள். கம்பெனி ஐந்து நிலை ஸ்விட்ச் போட 1977 ஆனது. 23 வருடம் இடுக்கியிருக்கிறார்கள்.

3 மார்ச்

வீட்டிலும் வண்டு. ஆனால் இது வேறு ஜாதி. மேடையில் கேட்டது அடித்தொண்டை, இது கரகரவென்று மேல்தொண்டை. செம்புத் தாள் வாங்கி ஸ்ட்ராட்டின் உள்குழி முழுக்க ஒட்டினேன், அரை நாள். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை.

சாயங்காலம் அம்மா உள்ளே வந்து "என்ன வேக்காடு" என்று ஃபேனை 3இலிருந்து 5க்கு வைத்தார். கரகர நின்றுவிட்டது.

3இல் வைத்தால் உண்டு, 5இல் இல்லை. சின்னதாகக் குமிழ் வைத்த எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் அது. மின் அலையை நொடிக்கு 100 முறை நறுக்கித்தான் வேகத்தைக் குறைக்கிறது. நறுக்கும் ஒவ்வொரு வெட்டும் பிக்கப்பில் கேட்கும். முழு வேகத்தில் நறுக்கல் ஏறத்தாழ இல்லை. பழைய காலத்துப் பெரிய பெட்டி ரெகுலேட்டரை "கரண்டைச் சாப்பிடும்" என்று பிடுங்கிப் போட்டது நான்தான். இப்போது கடக் கடக்கென்று நிலைமாறும் கெபாசிட்டர் வகை வாங்கி மாட்டியாகிவிட்டது, 1 முதல் 4 வரை எதிலும் சத்தம் இல்லை.

செம்புத் தாள் வீண் என்று சொல்லவில்லை. கரகரப்பில் மின்புலமாக வந்து ஒட்டும் பங்கை அது தடுக்கும். சுருளுக்குள் காந்தப்புலமாக நேராக நுழையும் 50 ஹெர்ட்ஸ் உறுமலை அது ஒன்றும் செய்யாது. அதற்கு இரண்டாவது சுருள்தான் வேண்டும்.

4 மார்ச்

ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிட்டால் உறுமல் போகும் என்று ஒருவர். ஐயா, போகலாம், நீங்களும் கூடவே போகலாம். இரண்டு கையும் எர்த்தோடு சேர்ந்த தந்தியில், உதடு மைக்கில். ஆம்ப்பில் கோளாறு வந்தால் அந்தப் பின் ஒன்றுதான் காவல். வெட்டாதீர்கள்.

11 மார்ச்

8 பிப்ரவரியில் எழுதியதை நானே செய்தேன். ஸ்ட்ராட் நெக் பிக்கப், மூன்றாவது காந்தம், கட்டைவிரல். முதலில் அசையவில்லை. மேசை விளிம்பில் வைத்து அழுத்தினேன். "டிக்" கூட இல்லை, ஒரு வழுக்கல், அவ்வளவுதான். காந்தம் அழகாக ஒரு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. மாட்டினால் சத்தமே இல்லை. மல்டிமீட்டர் வைத்தேன். 1, பக்கத்தில் வெறுமை. சுற்று அறுந்திருக்கிறது.

பிளாஸ்டிக் பாபினாக (கம்பி சுற்றும் சட்டம்) இருந்தால் காந்தத்துக்கும் கம்பிக்கும் நடுவில் பிளாஸ்டிக் சுவர் உண்டு. என்னுடையது பழைய முறை: கறுப்பு நார்த்தகடு மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் தூண் மாதிரி ஆறு காந்தம், கம்பியை அந்தக் காந்தங்கள் மேலேயே சுற்றியிருப்பார்கள். காந்தத்தை நகர்த்தினால் உள்சுற்றுகளை உரசிக்கொண்டுதான் நகரும். கம்பியின் தடிமன் 0.063 மி.மீ. பிழைக்குமா?

எட்டாம் தேதிக் குறிப்பை அழிக்கலாம்தான். இருக்கட்டும், அடுத்தவர் பார்த்துப் பயப்படட்டும்.

16 மார்ச்

கோவையில் இருந்துகொண்டு சுருள் சுற்ற ஆள் தேடுவதா? பம்பு மோட்டாருக்கு ஊரே காயில் கட்டுகிறது. கணபதி பகுதியில் எங்கள் வீட்டு மோட்டாரைக் கட்டித்தந்த கடைக்குப் போனேன். அண்ணாச்சி அறுந்த முனையை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, இது கம்பியா, முடியா?" என்றார். அவரிடம் இருந்ததில் சன்னமானதே இதற்குப் பல மடங்கு தடிப்பு.

கம்பி வாங்கிக்கொண்டு நானே சுற்ற இறங்கினேன். பிக்கப் பற்றி எங்கே படித்தாலும் "42 கேஜ்" என்றுதான் போட்டிருக்கும், கேஜ் என்பது கம்பியின் தடிமன் எண். காந்திபுரத்தில் 42 கேஜ் கேட்டேன், கொடுத்தார்கள். கை டிரில்லின் வாயில் பாபினைக் கவ்வவைத்து, கால்குலேட்டரின் சமன் பொத்தானில் ஒரு ரீட் ஸ்விட்சை (காந்தம் கிட்டே வந்தால் மூடுவது) ஈயம் வைத்து ஒட்டி, சுற்றுக்கு ஒன்று கூட்டுகிற மாதிரி செய்தேன். கம்பியை இரண்டு விரலுக்கு நடுவில் ஓடவிட்டு, இழுத்தும் இழுக்காமலும், மூச்சைப் பிடித்துக்கொண்டு. மூவாயிரம் வருவதற்குள் பாபின் தொப்பை போட்டுவிட்டது. அளந்தால் ஒரு கிலோ ஓம்கூடத் தேறவில்லை.

ராத்திரி உட்கார்ந்து அட்டவணையைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அமெரிக்கர்களின் 42 வேறு, நம் கடைகளில் புழங்கும் பிரிட்டிஷ் கேஜ் 42 வேறு. நமது 42 என்பது 0.10 மி.மீ. வேண்டிய 0.063க்குக் கிட்டத்தில் வருவது நம் கணக்கில் 46. கடைக்காரர் மேல் தப்பே இல்லை, நான் கேட்டதைத்தான் கொடுத்தார். கேஜ் எண்ணை விட்டுவிட்டு மில்லிமீட்டரில் கேளுங்கள்.

24 மார்ச்

46 கிடைத்தது. 7,900 சுற்று, நடுவில் ஒரு தடவை அறுந்து ஒட்டுப் போட்டது. மொட்டைமாடி ஷீட் அறையில் அளந்தேன், 6.1 கிலோ ஓம். பரவாயில்லையே என்று கீழே ஏசி அறைக்குக் கொண்டுவந்து மச்சானிடம் காட்டினால் 5.8.

மீட்டர் பழுது என்று சண்டை. அப்புறம் அவர்தான் சொன்னார்: செம்பின் தடை ஒரு டிகிரிக்கு 0.4 சதவீதம் பக்கம் ஏறும். மேலே 37 டிகிரி, கீழே 23. கணக்குச் சரியாக வருகிறது. ஆக, "என் பிக்கப் 6.1, உன்னுது 5.8, அதனால என்னுது ஹாட் (சத்தம் ஜாஸ்தி)" என்று பேசிக்கொள்பவர்கள் எந்த மாடியில் அளந்தீர்கள் என்றும் போடவும். எப்படியும் அந்த எண்ணை வைத்துச் சத்தத்தைத் தீர்மானிக்க முடியாது. கம்பியைச் சன்னமாக்கினாலே எண் ஏறிவிடும்.

29 மார்ச்

ஒரு பழைய நம்பிக்கையையும் புதைத்துவிடுகிறேன். மேடையில் என் ஸ்ட்ராட் வீட்டில் இருப்பதைவிட இதமாக இருக்கும். பலகை மேடை, மரத்தின் அதிர்வு என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

கேபிள். வீட்டில் 3 மீட்டர், மேடைக்கு 10 மீட்டர். கேபிள் ஒவ்வொரு மீட்டருக்கும் 100 பிக்கோஃபாரட் அளவுக்குக் கெபாசிட்டன்ஸ் சேர்க்கும். ஸ்ட்ராட் பிக்கப்பின் உச்சத் தூக்கல் (அது அதிகம் தூக்கிக் காட்டும் இடம்) சின்ன கேபிளில் 4,500 ஹெர்ட்ஸ் பக்கம் நிற்கும் என்றால், பெரிய கேபிளில் 3,000க்கு இறங்கிவிடும். கீச்சு குறைந்து இதமாகிறது. நேற்று வீட்டிலேயே 10 மீட்டரைச் சுருட்டிப் போட்டு வாசித்தேன். மேடை வந்துவிட்டது, பலகை இல்லாமல்.

5 ஏப்ரல்

கேள்வி கேட்ட தம்பி இரண்டு மாதமாகப் பொறுமையாக இருந்துவிட்டு "அண்ணா, கடைசியில எதுங்க வாங்கறது?" என்று எழுதியிருக்கிறார். நியாயம்தான்.

பிரிட்ஜ் பிக்கப்பில்தான் அதிகம் வாசிப்பீர்கள் என்றால் டெலி. அந்தத் தட்டல் ஸ்ட்ராட்டில் வராது, மச்சான் சோதனையிலும் அது மட்டும் அசையவில்லை. 2, 4 இடத்து வாத்துக்குரலுக்கு ஆசை என்றால் ஸ்ட்ராட், டெலியில் அது கிடையாது. நெக் பிக்கப் சுத்தச் சத்தம்தான் உங்கள் உலகம் என்றால் கையில் எது நன்றாக உட்காருகிறதோ அது. கடையில் வாசித்துப் பார்க்கும்போது ஒன்று மந்தமாகத் தெரிந்தால் ஒதுக்கிவிடாதீர்கள், ஸ்க்ரூடிரைவர் கேளுங்கள். தரமாட்டார்கள், கேட்டுப்பாருங்கள். வீட்டு ஃபேன் ரெகுலேட்டர் என்ன வகை என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

நான் சுற்றிய பிக்கப் ஸ்ட்ராட்டில் ஏறிவிட்டது. மூன்றாவது தந்தி கத்தவில்லை, ஆனால் இரண்டாவது கொஞ்சம் ஒதுங்கி நிற்கிற மாதிரி இருக்கிறது. காந்தத்தைத் தொடமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பி-90 சொந்தக்காரர் ஊருக்கு வருகிறார். அதற்குள் டெலி பிரிட்ஜின் அடித்தகட்டைக் கழற்றிவிட்டு மச்சானை ஒரு சுற்று வாசிக்கச் சொல்லவேண்டும். தகட்டை எடுத்தால் தந்திகளுக்குப் போகும் எர்த்தும் கூடவே போய்விடும், பிரிட்ஜுக்குத் தனியாக ஒரு வயர் இழுக்கவேண்டும். வயர் இருக்கிறது, ஈயம் தீர்ந்துவிட்டது.